பழைய பம்ப் ஷாட்கன்: மாடல் 12, மாடல் 97 வாங்குமுன், பிரிக்கும்போது, சுடும்போது

#1 | புதுக்கை

எல்லாருக்கும் வணக்கம். வின்செஸ்டர் மாடல் 12 பம்ப் ஷாட்கன் (முன் கைப்பிடியைப் பின்னும் முன்னும் நகர்த்தித் தோட்டா ஏற்றுவது) ஒன்று விலைக்கு வந்திருக்கு. 16 போர் (குழல் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது), 28 அங்குலக் குழல், ஃபுல் சோக் (ரவை அதிகம் பரவாதபடி வாய் நன்றாகக் குறுகியது). 1920-களின் தொடக்கத்தில் செய்தது என்கிறார் விற்கிறவர். வால்நட் கட்டை, நீலப் பூச்சு பாதி போய்ச் சாம்பலாக இருக்கு. வானில் எறியும் களிமண் வட்டு சுடவும், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஃபெசன்ட் (காட்டுக்கோழி மாதிரிப் பறவை) வேட்டைக்கும் வேணும். பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்? கடையில் கிடைக்கிற 16 போர் தோட்டாவை அப்படியே போடலாமா? "புதுசா ஒரு ரெமிங்டன் 870 வாங்கிட்டுப் போ" என்று மட்டும் சொல்லாதீங்க, அது எனக்கே தெரியும்.

#2 | வால்நட்கட்டை

அந்தக் கடைசி வரிக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தோட்டா. அப்படியே போடாதீங்க. அந்தக் காலத்து 16 போர் மாடல் 12-இன் தோட்டா அறை 2 9/16 அங்குலம். இன்றைக்குக் கடையில் இருக்கும் 16 போர் தோட்டா 2¾ அங்குலம். பெட்டியில் அச்சடித்திருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால்தான் ஏமாறுகிறார்கள். 2¾ தோட்டா சின்ன அறையிலும் சமர்த்தாக உள்ளே போகும், போல்ட்டும் (அறையைப் பின்னாலிருந்து மூடும் உருக்குக் கட்டை) பூட்டிக்கொள்ளும். சுடும்போதுதான் மடிப்பு விரிய இடம் இல்லாமல், அறை முடிந்து குழல் குறுகுகிற கூம்பில் போய் விரியும். ரவையும் வேடும் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் உள்ள அடைப்பு) அந்த நெரிசலில் பிதுங்கிக்கொண்டு போகணும். அழுத்தம் ஏறும், உதை கூடும், கூட்டின் வாய் நார் நாராகக் கிழிந்து வரும். விற்கிறவரிடம் அந்தத் துப்பாக்கியில் சுட்ட காலிக்கூடு இருந்தால் வாங்கி வாயைப் பாருங்க. பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

20 போருக்கும் இதே சிக்கல் உண்டு, ஆரம்பகால அறை 2½ அங்குலம். 12 போர் மாடல் 12-க்குப் பொதுவாக இந்தத் தலைவலி கிடையாது. இருந்தாலும் அளந்துவிடுங்க. அறை அளவி ஒன்றின் விலை நாலு பெட்டித் தோட்டா விலைகூட இருக்காது.

யாராவது ஏற்கெனவே அறையை நீட்டியிருக்கவும் கூடும். நிறைய துப்பாக்கியில் செய்திருக்கிறார்கள். அப்படியானால் வெறுமனே ரீமர் (துளையைக் கடைந்து விரிக்கும் கருவி) விட்டு நிறுத்தினார்களா, நீளமான காலிக்கூடு வெளியே விழவும் வழி செய்தார்களா என்று பார்க்கணும். அறை மட்டும் நீண்டிருந்தால் சுடலாம், ஆனால் கூடு வாசலில் இடித்துக்கொண்டு நிற்கும்.

#3 | குதிரைவிசை

வால்நட்கட்டை சொன்னது வேதம். நான் துப்பாக்கியின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

மாடல் 12 1912-இல் 20 போரில் மட்டும் வந்தது. டி. சி. ஜான்சன் வடிவமைத்தது. 12, 16 போர் அதற்குப் பிறகு. முதலில் பெயரே மாடல் 1912 தான், 1919-இல்தான் சுருங்கி மாடல் 12 ஆனது. ரிசீவர் (போல்ட், விசை எல்லாம் அடங்கிய நடு உடம்பு) முழுக்க உருக்குக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. தகடு மடித்த பாகம் என்று தேடினால் கிடைக்காது. அதனால்தான் கையில் எடுத்தவுடன் மனசு அதில் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் அது செத்தும் போனது. 1950-இல் 870 வந்து பாதி வேலையில் அதே காரியத்தைச் செய்ததும், இத்தனை கடைசல் வேலைக்குக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகவில்லை. 1960-களின் நடுவில் வழக்கமான உற்பத்தி நின்றது. அதற்குள் ஏறக்குறைய 20 லட்சம் செய்துவிட்டார்கள்.

16 போரும் 20 போரும் ஒரே சின்ன ரிசீவரில் கட்டியவை. ஆகவே 16 போர் மாடல் 12 கைக்கு லேசு. 12 போர் ஏழரைப் பவுண்டுப் பக்கம் நிற்கும், இது ஏறக்குறைய ஒரு பவுண்டு குறைவு. ஃபெசன்டுக்குப் பகல் முழுக்க நடக்கிறவருக்கு இதைவிட நல்ல பொருத்தம் சொல்ல முடியாது.

நேரில் பார்க்கும்போது:

சீரியல் எண் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று ரிசீவரின் அடியில் முன்பக்கம், இன்னொன்று அதற்கு எதிரே குழலோடு வரும் பாகத்தின் அடியில். இரண்டும் ஒன்றாக இருக்கணும். வேறாக இருந்தால் வேறொரு துப்பாக்கியின் குழலைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் அளந்து சரி என்று சொல்லாமல் அதைச் சுடக் கூடாது.

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்க. நிழல் வட்டமாக, மோதிரம் போல ஒரு இடத்தில் தடித்துத் தெரிந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கு. விட்டுவிட்டு வந்துவிடுங்க.

28 அங்குலம் என்கிறாரே, அளந்து பாருங்க. துப்பாக்கி காலி என்று இரண்டு தரம் உறுதி செய்துகொண்டு, போல்ட்டை மூடி, வாய்வழியே மரக்குச்சி விட்டு போல்ட் முகம்வரை அளக்கணும். 27¼, 25½ என்று உதிரி அளவு வந்தால் யாரோ அறுத்திருக்கிறார்கள். அறுத்தவுடன் சோக் போயே போச்சு, மேலே ஃபுல் என்று எழுதியிருப்பது வெறும் எழுத்துதான்.

கட்டையைப் பாருங்க, குறிப்பாக ரிசீவரோடு சேரும் கழுத்துப் பகுதியை. பின்னங்கட்டை உள்ளே ஓடும் ஒரே நீளத் திருகாணியில் நிற்கிறது. அந்தத் திருகாணி தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் ரிசீவர் மரத்தை ஆப்பு மாதிரி பிளக்கும். பட் தகட்டைக் (தோளில் படும் முனைத் தகடு) கழற்றி நீள ஸ்க்ரூடிரைவரால் வருஷம் ஒருமுறை இறுக்கிவிட்டால் தீர்ந்தது. எவரும் செய்வதில்லை.

#4 | புதுக்கை

மிக்க நன்றி அண்ணா. குழல் கழற்றுவது என்றீர்களே, அதை எப்படிச் செய்வது? விற்கிறவர் முன்னால் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. "மாடல் 12 நாளானால் ஆடும்" என்று வேறு ஒருவர் பயமுறுத்தினார். அப்புறம் விசையை அழுத்தியபடியே பம்ப் அடித்தால் தானாகச் சுடும் என்பது உண்மையா?

#5 | பன்னிரண்டுபோர்

கழற்றுவது அரை நிமிஷ வேலை. வரிசை தப்பினால் மட்டும் அரை மணி நேரம்.

துப்பாக்கி காலி. அறையையும் மேகசின் குழாயையும் (குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கணும். போல்ட் மூடி இருக்கட்டும். மேகசின் குழாயின் முன்முனையில் குறுக்காக ஒரு சின்ன முள் இருக்கும். அதை ஒரு பக்கமிருந்து அழுத்தினால் மறுபக்கம் நீட்டிக்கொள்ளும்; அதுவே கைப்பிடி. அதைப் பிடித்து மேகசின் குழாயைக் கால் சுற்று திருப்புங்க. பிறகு குழாயை முன்னால் நிற்கிறவரை இழுங்க. இப்போது பம்ப் கைப்பிடியையும் கடைசிவரை முன்னால் தள்ளுங்க, அப்போதுதான் அதன் தண்டு ரிசீவரை விட்டு வெளியே வரும். அதன்பின் குழல், மேகசின், பம்ப் மூன்றையும் ஒன்றாகக் கால் சுற்று திருப்பி முன்னால் எடுத்தால் துப்பாக்கி இரண்டு துண்டு. திரும்பும் பக்கம் ஒன்றுதான், முரண்டினால் நிறுத்துங்க. சுத்தியலுக்கு இதில் வேலையே இல்லை.

சேர்ப்பது இதையே தலைகீழாக. சிக்கிக்கொள்பவர்கள் எல்லாருமே ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: நடுவில் போல்ட் கொஞ்சம் பின்னால் நகர்ந்திருக்கும், பம்ப் தண்டு அதன் பள்ளத்தில் உட்காராது. போல்ட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு மறுபடி முயலணும்.

ஆட்டம் பற்றி. குழலை ரிசீவரோடு பிடித்திருப்பது விட்டு விட்டு வெட்டிய மரை. நூறு வருஷம் கழற்றி மாட்டினால் மரை தேயும், இணைப்பில் மயிரிழை இடைவெளி வரும். சோதிப்பதற்குப் போல்ட்டைத் திறந்துவைக்கணும். மூடிய போல்ட் ஆட்டத்தை மறைத்துவிடும். ஒரு கையில் ரிசீவர், மறுகையில் குழல், முறுக்கிப் பாருங்க, மேலும் கீழும் அசைத்துப் பாருங்க. லேசான கிளிக் உணர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இது வரும் என்று தெரிந்தே ஜான்சன் மருந்தும் வைத்திருக்கிறார். குழல் பக்கத்தில் பல் வெட்டிய சரிசெய் வளையம் ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பூட்டு, அதற்கு ஒரு ஸ்க்ரூ. ஸ்க்ரூவைத் தளர்த்தி, பூட்டை எடுத்து, வளையத்தை ஒரே ஒரு பல் நகர்த்தி, திரும்பப் பூட்டி மாட்டிப் பாருங்க. போதவில்லை என்றால் இன்னொரு பல். கை பலத்தில் இறுக்கமாகச் சேர்ந்தால் போதும். ஒரேயடியாக மூன்று பல் தள்ளி, அப்புறம் முழங்காலில் வைத்து முறுக்குகிறவர்கள் மரையைக் கொல்கிறார்கள்.

வளையம் ஏற்கெனவே கடைசிப் பல்லுக்குப் போயிருந்து, அப்படியும் ஆடினால் விலையை இறக்கிக் கேளுங்க, அல்லது விடுங்க.

ஒரு எச்சரிக்கை: மரையில் காய்ந்த கிரீஸும் மணலும் இருந்தால் ஆடாத துப்பாக்கி மாதிரி நடிக்கும். மினரல் ஸ்பிரிட் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அப்புறம் சோதிக்கணும்.

#6 | குதிரைவிசை

விசையை அழுத்திக்கொண்டு பம்ப் அடிப்பது: உண்மை. மாடல் 97, மாடல் 12, பழைய இத்தாகா 37 இவற்றில் விசையைத் துண்டிக்கும் பாகம் கிடையாது. விசை அழுந்தியே இருந்தால், போல்ட் முன்னால் வந்து பூட்டியவுடன் குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகம்) விழும், அடுத்த தோட்டா வெடிக்கும். முதல் உலகப் போரில் அகழியில் 97-ஐ இப்படித்தான் பயன்படுத்தினார்கள். 1918 செப்டம்பரில் ஜெர்மனி ஷாட்கன்னை எதிர்த்து அதிகாரபூர்வமாகக் கண்டனமே அனுப்பியது.

வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும். களத்தில் இது வசதி அல்ல, கவனிக்க வேண்டிய ஆபத்து. 870-இல் பழகிய விரல் விசையை விடாமலே பம்ப் அடிக்கும். 870 அதை மன்னிக்கும், இது மன்னிக்காது. வாய் எங்கே பார்க்கிறதோ அங்கே வெடிக்கும். இரவல் கொடுக்கும்போது இதைத்தான் முதலில் சொல்லணும். சுட்டதும் விரலை விசையிலிருந்து எடு, பிறகு பம்ப் அடி. புதியவர் கையில் ஒரு தோட்டாவுக்கு மேல் போடாதீங்க.

இனி வின்செஸ்டர் மாடல் 97. இதை விட்டுவிட்டு மாடல் 12 மட்டும் பேசுவது பாவம். ஜான் பிரவுனிங் வடிவம், 1893 மாடலைப் பலப்படுத்திப் புகையில்லா மருந்துக்கு ஏற்றபடி வந்தது. 1957 வரை பத்து லட்சத்துக்கு மேல். குதிரை வெளியே தெரியும். நம் ஊர்ப் பழைய துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் அந்தக் 'குதிரை' இதுதான், சுத்தியல் என்று மொழிபெயர்க்கிறவர்களை என்ன சொல்ல. பாதுகாப்புப் பொத்தான் எதுவும் கிடையாது, குதிரையின் அரைநிலைப் பள்ளம் ஒன்றுதான் பாதுகாப்பு. அந்தப் பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் 97 வாங்கவே கூடாது. காலித் துப்பாக்கியில் குதிரையை அரைநிலையில் நிறுத்தி, விசையை நன்றாக அழுத்துங்க. விழுந்தால் பள்ளமோ விசை முனையோ தேய்ந்திருக்கு.

பம்ப் அடிக்கும்போது 97-இன் போல்ட் ரிசீவருக்குப் பின்னால் வெளியே வந்து குதிரையைச் சாய்க்கும். கட்டைவிரல் உயரமாக ஏறியிருந்தால் தோல் போகும். ஒருமுறை போனால் பிறகு பிடி தானாகத் திருந்திவிடும்.

மிகப் பழைய 97-களில் டமாஸ்கஸ் குழலும் (இரும்பு, உருக்குப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்தது) உண்டு. சுவரில் மாட்ட அழகு, அவ்வளவுதான். 1893 மாடலை இன்றைய தோட்டாவில் சுடவே வேண்டாம், அது கருமருந்துக்குச் செய்தது.

#7 | ஒன்ராறியோ வாத்து

வணக்கம் எல்லாருக்கும். எல்லாரும் வின்செஸ்டரையே கட்டிப்பிடிச்சுக் கொண்டு நிக்கிறியள், இத்தாகா 37-ஐயும் ஒருக்காப் பாருங்கோ. 1937-இல வந்தது, அடிப்படை பிரவுனிங்கின்ர வடிவம்தான், ரெமிங்டன் மாடல் 17 வழியா வந்தது. தோட்டா போடுறதும் கூடு விழுறதும் ஒரே அடிவாசலாலதான். பக்கத்தில ஓட்டை இல்லாதபடியா மழையும் சேறும் உள்ளுக்குப் போறது குறைவு. இடக்கைக்காரருக்கு இதைவிட நல்ல பழைய துவக்கு இல்லை, கூடு முகத்துக்கு முன்னால பறக்காது. பாரமும் குறைவு.

ஆனா ஒரு பொறி இருக்கு. சீரியல் 855,000-க்குக் கீழே உள்ள 37-களுக்கு வேற குழல் வாங்கி அப்பிடியே திருகேலாது, ஆள் பிடிச்சுப் பொருத்த வேணும். சந்தையில மலிவாக் குழல் கிடைக்குது எண்டு வாங்கிப்போட்டு அழாதேங்கோ. விசைத்துண்டிப்பு இல்லாத கதை 37-க்கும் 1975 வாக்கு வரைக்கும் உண்டு.

வாத்து வேட்டைக்குப் பழைய குழலால உருக்கு ரவை சுடவே கூடாது. ஈயம் மிருது, ஃபுல் சோக்கில வரும்போது நசிஞ்சு விலகும். உருக்கு நசியாது, சோக்கைத்தான் தள்ளும். வாய்க்குக் கொஞ்சம் பின்னால வட்டமா ஒரு வீக்கம் வரும். அமெரிக்காவில நீர்ப்பறவைக்கு ஈயம் 1991-இல இருந்து நாடு முழுக்கத் தடை, கனடாவில 1999-இல இருந்து. அப்ப பழைய துவக்குக்கு வழி பிஸ்மத்துதான். அதின்ர அடர்த்தி 9.6, ஈயம் 11.3, உருக்கு 7.8. ஈயத்துக்குக் கிட்ட, மிருதுவும்கூட. விலைதான் கண்ணைக் கட்டும்.

#8 | களிவட்டு

இத்தாகா நல்ல துப்பாக்கி, மறுக்கவில்லை. ஆனால் வழுக்கல் என்று பார்த்தால் ரெமிங்டன் 31-தான். 1931-இல் தொடங்கி 1949-இல் நின்றது. அதன் பம்ப் ஓட்டத்தை ஒரு தடவை உணர்ந்தவர் மாடல் 12-ஐயும் கொஞ்சம் முரடு என்பார். சரி, இதற்கு மேல் பேசினால் இழை எரியும்.

சுடுவது பற்றி யாரும் எழுதவில்லை. மாடல் 12 பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்பது: "காலியாக விசை அழுத்தினேன், பம்ப் இறுகிப்போச்சு, உடைந்துவிட்டதா?" இல்லை. பூட்டு விடுபடக் கைப்பிடி கொஞ்சம் முன்னால் நகரணும். வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதால் அந்த நகர்வு தானாக வந்துவிடும். காலியாக அழுத்தினால் உதை இல்லை. கைப்பிடியை ஒரு இழை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் இழுங்க, திறக்கும். இதே காரணத்தால், சுடும் நேரத்தில் இடக்கையால் கைப்பிடியைப் பின்னால் கெட்டியாக இழுத்துப் பிடித்திருந்தால் இரண்டாம் தோட்டா ஏற்றும்போது சிக்கும். பிடி தளர்வாக இருக்கட்டும், வெடித்ததும் அடி முழுதாக இருக்கட்டும்.

பாதி அடி இன்னொரு வியாதி. பயந்து பயந்து இழுத்தால் கூடு வெளியே விழாமலே அடுத்தது வந்து மோதும். பின்னால் கடைசிவரை, முன்னால் கடைசிவரை. முப்பதுகளிலிருந்து ஹெர்ப் பார்சன்ஸ் வின்செஸ்டர் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்க் காட்டிய வித்தையில் ஏழு களிமண் வட்டுகளைத் தன் கையாலேயே மொத்தமாக மேலே எறிந்து, கீழே விழும் முன் மாடல் 12-ஆல் ஏழையும் உடைப்பார். துப்பாக்கி வேகமாகத்தான் இருக்கு, தாமதம் நம் கையில்.

தோட்டா: 12 போர் வைத்திருப்பவர்களுக்கு 1 அவுன்ஸ் ரவை, நொடிக்கு 1,150 முதல் 1,200 அடி போகும் சாதாரண டார்கெட் தோட்டா. ⅞ அவுன்ஸும் வட்டை உடைக்கும். இரும்பு தாங்காது என்பதற்காகச் சொல்லவில்லை, நூறு வருஷ மரம் தாங்கணும். மலிவுத் தோட்டாவில் அடித்தகடு பித்தளையாக இல்லாமல் பூச்சுப் போட்ட உருக்காக இருக்கும். அது வெடித்து விரிந்தால் பித்தளை மாதிரி சுருங்காது. அறை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். பம்ப்பைப் பூட்ஸால் உதைக்கும் காட்சி அங்கேதான் தொடங்குகிறது. முதலில் பித்தளை அடியுள்ள தோட்டாவுக்கு மாறிப் பாருங்க. அதுவும் ஒட்டினால் அறையில் பிளாஸ்டிக் படிந்திருக்கு, வெண்கல பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு டிரில்லில் மெதுவாகச் சுற்றினால் போய்விடும்.

தோட்டா இரண்டு ஒன்றாக இறங்கினால் மேகசின் வாயில் இருக்கும் தடுப்பு தேய்ந்திருக்கு, அல்லது பிசினாகிப்போன எண்ணெயில் ஒட்டியிருக்கு. பத்தில் எட்டு முறை பிசின்தான். காலிக்கூடு தொங்கிக்கொண்டு நின்றால் இடப்பக்க எஜெக்டர் ஸ்பிரிங்கைப் பாருங்க.

காலியாக விசை தட்டிப் பழகுகிறவர்கள் உள்ளே போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்க. எரிமுள் (தோட்டாவின் அடியைக் குத்தும் முள்) உடைந்தால் நல்ல பழைய முள் தேடிக் கண் பூத்துவிடும்.

#9 | நெறியாளர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், சட்டம் பற்றி ஒரு குறிப்பு. அமெரிக்காவில் ஹெச்-1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டப்படி தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி, அதையும் படியுங்கள். நண்பரின் துப்பாக்கியைக் களத்தில் வாங்கிச் சுடுவதும் 'வைத்திருப்பது'தான். கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-க்குள் செய்தது பழம்பொருள். 50 வயதானது அரும்பொருள் வகையில் வரலாம், சேகரிப்போருக்கு அதற்கென்றே ஓர் உரிமம் உண்டு. கனடாவில் பழம்பொருள் அல்லாத துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அமெரிக்காவில் 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பாயும், அறுத்த குழல் வாங்குகிறவர்கள் கவனம்.

#10 | பன்னிரண்டுபோர்

தேவையான குறிப்பு. நன்றி.

புதுக்கை, சோக்கை விரிக்கணும் என்று யாராவது சொன்னால் என்ன சொல்வீங்க? நான் விரிக்கச் சொல்வேன். 16 போர் ஃபுல் சோக் நாற்பது கெஜத்துக்கு. நாய் கிளப்பிய ஃபெசன்ட் இருபது, இருபத்தைந்து கெஜத்தில் எழும்பும். பட்டால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது, படாவிட்டால் வானம்தான். மாடிஃபைடுக்கு (ஃபுல்லைவிடத் தளர்ந்த சோக்) திறந்தால் துப்பாக்கி பயன்படும்.

#11 | வால்நட்கட்டை

ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயிலிருந்து எடுத்த உருக்கு திரும்ப வராது. முதலில் காகிதத்தில் சுட்டுப் பாருங்க. 40 கெஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டு, ஒரே வகைத் தோட்டாவில் பத்துத் தாள், தாளுக்கு ஒன்று. அந்தக் காலத்து சோக் அட்டை வேடு, ஃபெல்ட் வேடு போட்ட தோட்டாவுக்காக வெட்டியது. இன்றைய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ரவை நசியாமல் வருவதால் மாடிஃபைடு என்று எழுதிய குழலே ஃபுல் மாதிரி அடிக்கிறது. அதற்கு மருந்து கிண்ணமில்லாத ஃபெல்ட் வேடு தோட்டா. குழலைத் தொடாமல் ஒரு படி விரிந்துவிடும். ஐரோப்பாவில் செய்யும் 65 மில்லிமீட்டர் 16 போர் தோட்டாக்களில் அப்படி நிறைய உண்டு. 65 மில்லிமீட்டர் என்றால் 2 9/16 அங்குலம், இந்தத் துப்பாக்கியின் அறைக்கு நேர் அளவு. அறையையும் நீட்ட வேண்டாம், சோக்கையும் விரிக்க வேண்டாம். ஒரே தோட்டாவில் இரண்டு பிரச்சினை தீர்ந்தது.

#12 | பன்னிரண்டுபோர்

65 மில்லிமீட்டர் விஷயத்தில் தோற்றேன். கிடைக்கிற ஊரில் இருந்தால் அதுவே சரி. கிடைக்காத ஊரில் விரிக்கத்தான் சொல்வேன்.

#13 | துருவிரோதி

பூச்சைப் பற்றி யாரும் பேசாததால் வந்தேன். பாதி போன நீலத்தை 'புதுசாக்கி'த் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீங்க. அந்தக் கால ரிசீவரும் குழலும் நிக்கல் கலந்த உருக்கு. நீலம் பூச இன்று பயன்படுத்தும் சூடான உப்புத் தொட்டியில் பூச்சு அதில் ஒழுங்காகப் பிடிக்காது, திட்டுத் திட்டாக வரும். அதோடு பஃப் சக்கரத்தில் தேய்த்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கும், ஸ்க்ரூ துளை கிண்ணமாகும், ரிசீவரின் தட்டையான பக்கம் அலையடிக்கும். சேகரிப்பவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள், விலை பாதியாகும். சாம்பல் நிறம் அசிங்கம் அல்ல, கை பட்ட அடையாளம். செந்துரு மட்டும் இருந்தால் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்து எடுங்க, அதோடு நிறுத்துங்க.

எண்ணெய் குறைவாக. பழைய துப்பாக்கிகளில் கழுத்துப் பக்கம் மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பஞ்சு மாதிரி இருக்கும். அது வயசு இல்லை, அறுபது வருஷம் நட்டமாக நிறுத்திவைத்ததில் ரிசீவர் எண்ணெய் வடிந்து மரத்துக்குள் போனது. எண்ணெய் குடித்த வால்நட்டுக்கு வலு கிடையாது, முதலில் பிளப்பது அங்கேதான். அலமாரியில் வாய் கீழே பார்க்கிற மாதிரி, அடியில் ஒரு துணி போட்டு நிறுத்துங்க.

ஸ்க்ரூ தலைகளின் பள்ளம் மெல்லிசு. வீட்டு ஸ்க்ரூடிரைவர் முனை ஆப்பு வடிவம், நழுவி உதட்டைக் கிழிக்கும். பக்கம் இணையாக அரைத்த, பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் முனை வேணும். விற்பனைக்கு வந்த துப்பாக்கியின் ஸ்க்ரூ உதடு கிழிந்திருந்தால் உள்ளே என்னென்ன நடந்ததோ என்று யோசிங்க.

#14 | புதுக்கை

பார்த்தேன். இரண்டு எண்ணும் ஒன்று. குச்சி வைத்து அளந்தேன், சரியாக 28. அறை 2 9/16-தான், யாரும் தொடவில்லை. போல்ட் திறந்து முறுக்கினால் லேசான கிளிக். வளையத்தில் இன்னும் பல் நிறைய மிச்சம். கழுத்தில் மரம் கறுத்திருக்கு ஆனால் கெட்டி. ஸ்க்ரூ உதடுகள் சுத்தம். பேசி முடித்தாச்சு, 65 மில்லிமீட்டர் தோட்டாவும் சொல்லிவைத்தாச்சு.

இன்னும் ஒன்றே ஒன்று. மேகசினுக்குள் மரக்குச்சி எதுவும் இல்லை. புறா வேட்டைக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது என்கிறார்களே?

#15 | களிவட்டு

ஆமாம், இடம்பெயரும் பறவைகளுக்கு அறையில் ஒன்று, மேகசினில் இரண்டு, அவ்வளவுதான். புறாவும் வாத்தும் அதில் வரும், ஃபெசன்ட் கூட்டாட்சி விதியில் வராது, மாநில விதியைப் பாருங்க. அடைப்பு ஒரே துண்டாக இருக்கணும், துப்பாக்கியைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாததாக இருக்கணும்.

மேகசின் குழாயின் முன்மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை எடுக்கும்போது உள்ளங்கையை மூடிமேல் அழுத்தி வைத்துக்கொள்ளுங்க, ஸ்பிரிங் நீளமானது, கூரைவரை போகும். ஸ்பிரிங்குக்குள் தளர்வாக ஓடும் தடிமனில் ஒரு மர உருளைக் குச்சி. முதலில் நீளமாகவே வெட்டுங்க. உள்ளே போட்டு மூடியை வைத்து, போலித் தோட்டா போட்டுப் பாருங்க. இரண்டு போகவில்லை என்றால் அரை அங்குலம் குறையுங்க. இரண்டும் சிரமமில்லாமல் போய், மூன்றாவது உள்ளே நிற்காத அளவில் நிறுத்துங்க. நீங்க வாங்குவது 65 மில்லிமீட்டர், அதாவது குட்டைத் தோட்டா. 2¾ தோட்டாவை வைத்து அளந்து வெட்டினால் களத்தில் மூன்றாவது ஒன்று போய் உட்காரக்கூடும், வனத்துறைக்காரர் அதைத்தான் சோதிப்பார். குச்சியின் இரண்டு முனையையும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்க, இல்லாவிட்டால் ஸ்பிரிங் சுருளில் மாட்டும்.